பன்னிரண்டு பி நுழையும் அளவுக்கு இடம்

ரயிலில் போகலாம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் நீங்கள் கேட்டது மயிலாப்பூரில் இருந்து தி. நகருக்கு. புதுப் பறக்கும் ரயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அது திருமயிலையில் கிளம்பி, திருவல்லிக்கேணி வழியாக பீச் ஸ்டேஷனுக்குப் போகிறது. அதில் தி. நகர் போவதென்றால் வடக்கே போய், இறங்கி, வேறு ரயில் பிடித்து, மறுபடி தெற்கே வரவேண்டும். அதையும் போன சனிக்கிழமை செய்து பார்த்துவிட்டேன்.

கேட்டவர் மஸ்கட்டில் இருக்கும் ஒரு அண்ணன். டிசம்பரில் மந்தைவெளி மாமனார் வீட்டுக்கு வருகிறாராம். வீட்டுக்காரம்மாவுக்குப் புடவை எடுக்கத் தி. நகர் போகவேண்டும், எப்படிப் போவது என்று மெயில் போட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: "வீட்டு வரியை ஏற்றிவிட்டார்கள் என்று மாமனார் போனில் புலம்புகிறார். அந்தக் காசு ரோட்டில் தெரிகிறதா?" தெரிகிறது அண்ணா. பள்ளமாகத் தெரிகிறது. ஊர் முழுக்க மேம்பாலம் கட்டுகிறார்கள். மேலே ஏறுவதற்கு முன்னால் எல்லா இடத்திலும் கீழே இறங்கித் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: இன்ஜினியரிங்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டவன். ஏன் என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இப்போது ஆழ்வார்ப்பேட்டை முனையில் ஒரு மாடி பிரவுசிங் சென்டரைக் காலையில் திறந்து ராத்திரி பூட்டுகிறேன். ஆள் வராத நேரத்தில் இந்த இணையப் பக்கத்தை எழுதுகிறேன். ஜன்னலுக்குக் கீழேதான் மேம்பால வேலை. எழுத்தில் தூசி வாசனை அடித்தால் அதுதான் காரணம்.

இந்தப் பயணம் உண்மையில் மஸ்கட் அண்ணனுக்காகத் தொடங்கியது இல்லை. விமலாக்காவுக்காக. மந்தைவெளியில் எங்கள் காம்பவுண்டின் கடைசிப் போர்ஷன் அவளுடையது. உஸ்மான் ரோட்டில் ஒரு புடவைக் கடையில், மூன்றாவது மாடி, காட்டன் பிரிவில் வேலை. ஒன்பதே காலுக்குள் கடை வாசலில் கையெழுத்துப் போட வேண்டும். ஆழ்வார்ப்பேட்டை முனையைத் தோண்டியதில் இருந்து பன்னிரண்டு பி பஸ் நேர் வழியை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. மூன்று தடவை லேட். "இந்த மாசத்துல இன்னொரு வாட்டி லேட்டானா அப்படியே திரும்பிப் போயிடு" என்று மாடி சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதனால் அவள் சீக்கிரமே கிளம்புகிறாள். அவள் கிளம்பினால் இரண்டாவது படிக்கும் பாப்பாவும் கிளம்ப வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லை. ஏழே காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் விடுகிறாள். கேட் எட்டு மணிக்குத்தான் திறக்கும். முக்கால் மணி நேரம் அந்தக் குழந்தை பூட்டின கேட்டுக்கு வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"வேற வழி எதுனா இருந்தா பாத்து சொல்லு தம்பி. நீ சும்மாத்தான சுத்துற" என்றாள். சும்மா சுத்துகிறவன் என்பது உண்மைதான் என்பதால் கோபம் வரவில்லை. வெள்ளி பஸ், சனி ரயில் என்று இரண்டு நாள் காலையிலும் முதலாளியிடம் சொல்லி லேட்டாகக் கடை திறந்தேன்.

முதலில் பஸ். வெள்ளிக்கிழமை காலை 7.50க்கு லஸ் கார்னரில் விமலாக்காவோடு பன்னிரண்டு பி ஏறினேன். வெள்ளை போர்டு போட்ட சாதா பஸ், பனகல் பார்க்குக்கு இரண்டரை ரூபாய். மஞ்சள் போர்டு வந்தால் விட்டுவிடுங்கள், காசும் அதிகம், கூட்டம் மட்டும் அதே கூட்டம்.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். சென்னையில் கண்டக்டர் உங்களைத் தேடி வரமாட்டார். பின் வாசல் பக்கம் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் காசைப் பக்கத்தில் இருக்கும் யார் கையிலாவது கொடுத்து "ஒரு பனகல் பார்க், பாஸ் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும். அது கை மாறிக் கை மாறிப் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். கைக்கு வந்ததை அடுத்த கைக்குக் கொடுத்துவிட வேண்டும், யாருடையது எவ்வளவு என்று ஆராயக் கூடாது. அன்றைக்கு ஒருவர் கம்பியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் யாரோ காசை வைத்தார்கள். கண்ணைத் திறக்காமலே அதை எனக்குக் கொடுத்துவிட்டு அடுத்த குறட்டைக்குப் போனார். இது சத்தியம்.

லஸ்ஸில் இருந்து பனகல் பார்க் நேராகப் போனால் ஐந்து கிலோமீட்டர், முன்பெல்லாம் அரை மணி நேரம். இப்போது பஸ் ராதாகிருஷ்ணன் சாலை, கதீட்ரல் ரோடு, ஜெமினி என்று போய், ஜி.என். செட்டி ரோடு வழியாக வந்து சேருகிறது. ராதாகிருஷ்ணன் சாலையிலும் ஒரு பாலத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள் என்பது கூடுதல் சந்தோஷம். கதீட்ரல் ரோட்டில் பஸ் அப்படியே நின்றது. நின்றால் சென்னை பஸ் சட்டசபை ஆகிவிடும்.

"பாலம் முடிஞ்சிட்டா எல்லாம் சரியாயிடும் சார். அஞ்சு நிமிஷத்துல பறக்கலாம்" என்றார் சட்டையை உள்ளே விட்ட ஒருவர்.

"யாரு பறக்கறது? காரு பறக்கும்" என்றார் மீன் கூடை வைத்திருந்த அம்மா. "ஸ்டாப்பு கீழ கீது, பஸ்ஸு மேல போச்சுன்னா நான் இன்னா, அங்கேர்ந்து குதிக்கறதா?"

"ரயிலுக்குக் கொட்டுனாங்களே காசு, அதுல எவ்ளோ பஸ் வாங்கியிருக்கலாம்!"

"பஸ் வாங்கி? இருக்கற ரோட்டுல நிக்கவே எடமில்ல, வீட்டுல வச்சுக்கினு அழகு பாப்பியா?"

கண்டக்டர் விசிலை வாயில் இருந்து எடுத்தார். "அல்லாம் சரி நைனா. ஆழ்வார்பேட்டையில பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு சந்து வுட்டுக்கிறான். பஸ்ஸு போவற அளவுக்கு எடம் கீது. அத்தத் தொறந்து வுட்டா சுத்தவே வேணாம். அங்க வரிசையா காரு போட்டு வச்சிக்கீறாங்க. வண்டிய சுத்தி வுடுன்னு ஆர்டர்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சந்து என் ஜன்னலுக்கு நேர் கீழே. ஆறு கார். தினமும் பார்க்கிறேன். மூன்றாவது கார், துணி போர்த்திய கிரீம் கலர் பத்மினி, யாருடையது என்றுகூடத் தெரியும்.

பனகல் பார்க் வந்தபோது மணி 9.06. விமலாக்கா இறங்கினாள் என்று சொல்ல முடியாது. பஸ் நிற்பதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

சனிக்கிழமை ரயில். திருமயிலை ஸ்டேஷனைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள், அது ஸ்டேஷன்தான், கோட்டை இல்லை. மாம்பலம் வரை ஐந்து ரூபாய். 8.40க்கு டிக்கெட் வாங்கினேன். ரயில் ஒன்பது மணிக்கு. பிளாட்பாரத்தில் நான், இரண்டு நாய், ஒரு காதல் ஜோடி. காற்று மட்டும் அப்படி ஒரு காற்று. ரயில் கிளம்பியதும் ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், இன்னொரு பக்கம் திருவல்லிக்கேணி மொட்டை மாடிகள், காயப்போட்ட வடகத்தைக்கூட எண்ணலாம். பிள்ளைகளை ஒருமுறையாவது இதில் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் பெட்டியில் இன்னொரு ஆள், ஐம்பது வயசு இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் போல. பீச் வரிக்கும் போயிட்டு இதே ரயில்ல திரும்பிடுவேன். வூட்டுல காத்தே வரல தம்பி. இங்க ஃபேன் ஓடுது பாரு."

"இதுக்கா டிக்கெட் எடுத்தீங்க?"

"இது யாரு காசுல கட்டுனது? உன் காசு, என் காசு. தீப்பெட்டி வாங்கினாலும் வரி. குடுத்ததுக்கு நமக்குன்னு ஒரு ஃபேனாவது வேணாமா?" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.

9.17க்குப் பார்க் டவுன். அங்கிருந்து ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடை. 9.32க்குத் தாம்பரம் ரயில், தொங்கல்தான். 9.53க்கு மாம்பலம். ரங்கநாதன் தெருவை நீந்தி உஸ்மான் ரோட்டில் தலையை வெளியே நீட்டியபோது 10.08. ஆக மொத்தம் ஒரு மணி இருபத்தெட்டு நிமிஷம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் ரயில். விமலாக்காவுக்கு இது உதவாது.

திரும்பும்போது வேண்டுமென்றே நீளமான வழியில் வந்தேன். தி. நகரில் 11.20க்கு ஐந்து பி. சைதாப்பேட்டை, அடையாறு, மந்தைவெளி. மூன்று ரூபாய். அடையாறு போகும் வழியிலும் தோண்டியிருக்கிறார்கள். மந்தைவெளி டெப்போ பக்கத்து டீக்கடையில் இறங்கி ஒரு டீ, ஒரு பஜ்ஜி, மூன்றரை ரூபாய், பஜ்ஜியில் வாழைக்காய் இருப்பதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜன்னல் சீட் கிடைத்தால் இந்த வழியை நான் சிபாரிசு செய்கிறேன். அடையாறு ஆற்றுப் பாலத்தில் வரும் காற்றுக்கு இன்னும் யாரும் வரி போடவில்லை.

ஆட்டோவையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்வார்ப்பேட்டை ஸ்டாண்டில் மணி அண்ணன் இருக்கிறார். லஸ்ஸில் இருந்து பனகல் பார்க் எவ்வளவு என்றேன். "முப்பது. உனக்கு இருவத்தஞ்சு." மீட்டர் போட்டால் என்றேன். "மீட்டரு லீவு" என்றார். விமலாக்காவின் ஒரு நாள் சம்பளத்தில் பாதி அதில் போய்விடும்.

இனி ஞாயிற்றுக்கிழமை. இது பயணம் இல்லையே என்பவர்கள் கடைசிப் பாராவுக்குப் போங்கள். ஆனால் எனக்கு இதுதான் பயணமே.

மாலை நாலரைக்கு ஆழ்வார்ப்பேட்டையில் எங்கள் சென்டருக்கு எதிர்ப்புறம் உள்ள கல்யாண மண்டபத்தில் குடியிருப்போர் சங்கம் ஒரு கூட்டம் போட்டிருந்தது. வீட்டு வரி ஏற்றியதைப் பற்றியும், அந்தக் காசு பாலத்துக்கா, பஸ்ஸுக்கா, ரோட்டுக்கா என்பதைப் பற்றியும் பேசலாம், கார்ப்பரேஷன் இன்ஜினியர் ஒருவர் வந்து கேட்பார் என்று நோட்டீஸ். செயலாளர் வெங்கட்ராமன் மாமா. பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். தினமும் என் சென்டருக்கு வந்து டல்லஸில் இருக்கும் மகளுக்கு ஒற்றை விரலால் மெயில் அடிப்பார். அந்த கிரீம் கலர் பத்மினி அவருடையது.

விமலாக்காவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு லீவு. இழுத்துக்கொண்டு போனேன். "நான் இன்னாடா பேசறது அங்க? படிச்சவங்கல்லாம் இருப்பாங்க" என்றாள். "கண்டக்டர் சொன்னத சொல்லுக்கா, போதும்" என்றேன்.

மண்டபம் காலை பஸ் மாதிரி இருந்தது. நாற்காலி தீர்ந்து, பின்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்களும் கடைசியில் நின்றோம். மேடையில் இன்ஜினியர், பக்கத்தில் மாமா, நீளமான வயரோடு ஒரே ஒரு மைக். மாமா முதலில் விதியைச் சொன்னார்: வீட்டு வரி ரசீது கொண்டு வந்தவர்கள் மட்டும் பேசலாம்.

"நேரம் கம்மியா இருக்கு. காசு குடுக்கறவா பேசட்டும். அதானே நியாயம்?"

மணி அண்ணன் எழுந்தார். வீட்டு வரி இல்லை, ஆனால் ஆட்டோவுக்கு ரோடு டாக்ஸ் கட்டிய சீட்டை விரித்துக் காட்டினார். "இதுவும் வரிதான் சார். வூட்ட வச்சிக்கினு நான் ரோட்டுல ஓட்றதில்ல. ரோட்டுலதான் ரோட்ட தேடிக்கினு கீறேன்." கைதட்டல். மைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மைக் மட்டும்தான் ஓய்வில்லாமல் வேலை செய்தது. பாலம் வந்தால் வீட்டு விலை ஏறும் என்றார் ஒருவர். பாலத்தில் இருந்து எட்டிப் பார்த்தால் என் பெட்ரூம் தெரியும், அதற்கு வரியைக் குறைப்பீர்களா என்றார் இன்னொருவர். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ரோடு போட மயிலாப்பூர்க்காரன் ஏன் அழ வேண்டும் என்று ஒரு குரல். அப்படியானால் வேலைக்கு வருகிற ஆட்கள் எல்லோரும் நடந்து வரட்டுமா என்று இன்னொரு குரல். ஒருவர் ரயில் கணக்கைக் கேட்டார். ரயில் தன் கையில் இல்லை என்றார் இன்ஜினியர். பஸ்ஸைக் கேட்டார்கள். அதுவும் இல்லையாம். "அப்ப உங்க கையில இன்னாதான் சார் கீது?" என்றார் மணி அண்ணன். பாவம், இன்ஜினியர் கையில் அப்போது பஜ்ஜி இருந்தது.

விமலாக்கா கையைத் தூக்கினாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ரசீது இருக்கா?"

"நாங்க வாடகை சார்."

"வாடகை வேற, வரி வேறம்மா."

"வரி ஏறுன மாசமே ஓனர் அம்பது ரூபா ஏத்திட்டாரு சார்" என்றாள். மண்டபம் சிரித்தது. எங்கள் ஓனர் நாலாவது வரிசையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி. ரூல்னா ரூல். இன்னிக்கு உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பா." மாமா மைக்கை வாங்க மேடையில் இருந்து இறங்கி நடுவழியில் வர ஆரம்பித்தார். மைக் முன் வரிசையில் மணி அண்ணனிடம் இருந்தது.

விமலாக்கா தினமும் இரண்டு வேளை சொல்வதைச் சொன்னாள். யோசித்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. "அண்ணே, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க."

மணி அண்ணன் பின்னால் கொடுத்தார். பின்னால் இருந்தவர் அவருக்குப் பின்னால் கொடுத்தார். வயர் தலைகளுக்கு மேல் ஊர்ந்தது. ஒரு அம்மா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு இடது கையால் வாங்கி வலது பக்கம் தள்ளினாள். எங்கள் ஓனர் வாங்கிக் கொடுத்தார். நடுவழியில் ஒரு கை நீண்டது, அந்தக் கையில் மைக் வைக்கப்பட்டது, அந்தக் கை அதை அப்படியே பின்னால் நீட்டியது. அது வெங்கட்ராமன் மாமாவின் கை. பிடித்து நிறுத்த வந்தவர், வாங்கி, அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார். நாற்பது வருஷம் பாரிமுனைக்குப் பஸ்ஸில் போன கை அது, அவரைக் கேட்கவில்லை. மைக் போன பிறகு மாமா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மண்டபம் கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, டிக்கெட் எடுத்தாச்சு. பேசு" என்றார்.

அவள் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. "பாலம் வேணாம்னு நான் சொல்லல சார். கட்டிக்குங்க. பள்ளத்துக்குப் பக்கத்துல சந்து இருக்குது. அதுல ஆறு காரு நிக்குது. அத்த எடுத்தா பஸ்ஸு போவும்னு கண்டக்டரு சொல்றாரு. சுத்தாம போனா எனக்கு அரை மணி நேரம். எம்பொண்ணு ரெண்டாவது படிக்குது. ஸ்கூலு தொறக்கங்காட்டியும் பூட்டின கேட்டாண்ட தனியா உக்காந்துக்கினு கீது. அவ்ளோதான்." மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டாள். நானும் பழக்கத்தில் பாஸ் பண்ணிவிட்டேன்.

பிறகு மாமா நிமிர்ந்தார். "அந்த ஆறு கார்ல ஒண்ணு என்னோடது. மறைக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். கார் வாங்கும்போது வரி கட்டினேன், வீட்டுக்குக் கட்டிண்டே இருக்கேன். இத்தனைக்கும் எனக்கு இந்த ஊர்ல கெடைச்சது அந்தப் பதினஞ்சு அடிதான். அதையும் விடணுமா?"

"சார், நானும்தான் ரோடு டாக்ஸ் கட்றேன்" என்றார் மணி அண்ணன். "அப்ப மவுண்ட் ரோட்டுல பாய் போட்டுப் படுத்துக்கவா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் குரலை இறக்கி, "எடுக்கலாம்பா. ஸ்டார்ட் ஆகாது. எட்டு மாசமாச்சு" என்றார். அதுதான் விஷயம். மெக்கானிக்கிடம் கொடுத்தால் விற்கச் சொல்லுவான், விற்க மனசு வரவில்லை.

இன்ஜினியர் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "காலைல ஏழுல இருந்து பத்து வரைக்கும் அந்த வழி காலியா இருக்கும்னு சங்கம் பொறுப்பெடுத்துக்கிட்டா, நான் டிராஃபிக் போலீஸ்ல பேசறேன். ஒரு வாரம் பார்ப்போம். ஒரு நாள், ஒரு கார் நின்னு பஸ் மாட்டினாலும் பழையபடி சுத்துதான். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

வரி ஏற்றியது சரியா தப்பா என்று கூட்டம் முடிவு செய்யவில்லை. பாலமா பஸ்ஸா என்பதும் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆனால் ஆறரை மணிக்கு இருபது பேர் அந்தச் சந்தில் நின்றோம். ஐந்து கார்களை எடுத்துவிட்டார்கள். பத்மினியின் துணியை உருவியதும் உள்ளே இருந்து ஒரு பூனை இறங்கிப் போனது. மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நாங்கள் தள்ளினோம். மண்டபத்து மானேஜர் தன் காம்பவுண்டில் ஒரு மூலையைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார், முகூர்த்த நாளில் மட்டும் மறுபடி தள்ளவேண்டுமாம்.

"மெதுவா! மெதுவாடா! பிரேக் பிடிக்கல!"

"மாமா, ஹாரனாவது அடிங்க!"

"ஹாரனும் இல்லடா!"

வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு மண்டபத்து வாழை மரத்தில் போய் நின்றார். எட்டு மாசம் கழித்துக் கார் ஓட்டிய சந்தோஷம் முகத்தில் அப்படித் தெரிந்தது. இறங்கியதும், "காலைல ஏழு டு எட்டு நான் நிக்கறேன். எட்டுலேர்ந்து பத்து நீ. மாடிலேர்ந்தே தெரியுமோல்லியோ?" என்றார் என்னிடம். இப்படித்தான் எனக்கு இந்த வேலை வந்தது. சம்பளம் கிடையாது.

திங்கள்கிழமை காலை கான்ஸ்டபிள் தடுப்பை இழுத்துவிட்டார். எட்டு இருபத்தேழுக்குப் பன்னிரண்டு பி வந்தது. சந்து வாசலில் டிரைவர் நிறுத்தி, எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்தார். பின் படியில் அந்தக் கண்டக்டர் தொங்கிக்கொண்டு, "வா, வா, ரைட்டு ஒட்டி வா, வந்துக்கினே இரு!" ஒரு பக்கம் பள்ளத்துத் தகரம், ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், நடுவில் பஸ். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். மாமா டியூட்டி முடிந்தும் போகவில்லை. விசில் ஊதிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அந்த விசில் எங்கே கிடைத்தது என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறார்.

ஜன்னலில் விமலாக்கா தெரிந்தாள். கை ஆட்டுவாள் என்று நினைத்தேன். ஆட்டவில்லை, யாருடைய காசையோ பின்னால் கொடுத்துக்கொண்டிருந்தாள். 8.54க்குப் பனகல் பார்க்கில் இறங்கினாளாம். நடந்தே கடைக்குப் போனாளாம். பாப்பாவை எட்டு மணிக்குத் திறந்த கேட்டில் விட்டுவிட்டு 8.20க்கு லஸ்ஸில் பஸ் ஏறியிருக்கிறாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே.

மஸ்கட் அண்ணனுக்குச் சுருக்கமாக: காலை ஏழில் இருந்து பத்துக்குள் என்றால் பன்னிரண்டு பி, வெள்ளை போர்டு, இரண்டரை ரூபாய், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் என்றால் ஆட்டோ, இருபத்தைந்துக்கு மேல் கொடுக்காதீர்கள், மணி அண்ணன் பெயரைச் சொன்னால் முப்பது கேட்பார். ரயில் வேடிக்கைக்கு, சாயங்காலம், ஃபேனுக்குக் கீழே. புடவைக் கடையில் மூன்றாவது மாடி காட்டன் பிரிவில் விமலா என்று கேளுங்கள், சாயம் போகாததாக எடுத்துக் கொடுப்பாள். உங்கள் மாமனார் வரியைப் பற்றி மறுபடி புலம்பினால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள், ரசீது இல்லாமலும் வரலாம், மைக் எப்படியும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். டிசம்பரிலும் இந்தச் சந்து திறந்திருக்குமா என்றால், இன்றைக்கு வியாழன், இன்ஜினியர் சொன்ன ஒரு வாரத்தில் நாலாவது நாள், அது இன்னும்...

ஒரு வெள்ளை அம்பாசடர் சந்துக்குள் வந்து நிற்கிறது. டிரைவர் கதவைப் பூட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் போகிறான். மணி 8.19, பன்னிரண்டு பி வர இன்னும் எட்டு நிமிஷம். மாமா காபிக்குப் போய்விட்டார். நான் கீழே போகணும்.